சின்ன மில்லிங் மெஷினுக்கு ஒரு வேக ஸ்பிண்டில்: இ.ஆர். 11 காலெட் தண்டு எப்படி இருக்கிறது?
என் மில்லிங் மெஷின் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டாது. 2 மி.மீ. எண்ட் மில் (சுழன்று உலோகத்தைச் செதுக்கும் கட்டர்) மாட்டினால் வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 16 மீட்டர்கூட வராது. அலுமினியத்துக்கு அது போதவே போதாது. அதனால் இ.ஆர். 11 அளவு காலெட் (கட்டரை இறுக்கிப் பிடிக்கும் பிளவுபட்ட குழல்) பொருந்தும் தண்டு ஒன்றை வாங்கி, அதைத் தாங்கும் கூடான ஹவுசிங்கை நானே கடைந்து, மெஷினின் மெயின் ஸ்பிண்டிலுக்கு (கட்டரைச் சுழற்றும் தண்டு) பக்கத்தில் கிளாம்ப் போட்டு மாட்டினேன்.

தண்டு அருமை. காலெட் உட்காரும் உள் சரிவில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்துச் சுற்றினேன், முள் 0.01 மி.மீ.யைத் தாண்டவில்லை. கூட வந்த காலெட்டுகள்தான் ஏமாற்றம். 3 மி.மீ. காலெட்டில் ஆட்டம் 0.04 மி.மீ. இவ்வளவு ஆடினால் கட்டரின் ஒரு பல்லே முழு வேலையையும் செய்யும், சீக்கிரம் ஒடியும். எனக்கு இரண்டு ஒடிந்தன. காலெட்டைத் தனியாக, நல்லதாக வாங்குங்கள்.

பேரிங்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முதலில் சாதாரண பால் பேரிங் போட்டேன். நிமிடத்துக்கு 12,000 சுற்றில் கீச்சென்ற சத்தம், வெட்டிய பரப்பு முழுக்க அலை அலையாகக் கோடு. அப்புறம் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் (தண்டின் நீளவாட்டில் வரும் விசையையும் தாங்கும் வகை) ஜோடியை முதுகோடு முதுகு வைத்து, லேசான பிரீலோடு (தளர்வு இல்லாதபடி முன்கூட்டியே தரும் அழுத்தம்) கொடுத்தேன். சத்தம் அடங்கியது. அரை மணி நேரம் ஓடிய பிறகும் ஹவுசிங்கைத் தாராளமாகத் தொட முடிகிறது.