கல்லூரி இயற்பியலுக்கு டியூஷன்: கடலூரில் யாரிடம் அனுப்பலாம்?

கடலூரில் பிளஸ் டூ வரைக்கும் டியூஷனுக்குப் பஞ்சமே இல்லை. மஞ்சக்குப்பம், செம்மண்டலம், திருப்பாப்புலியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு போர்டு கண்ணில் படும். பி.எஸ்சி. இயற்பியல் என்று சொன்னால்தான் எதிரில் இருப்பவர் யோசிக்க ஆரம்பிக்கிறார். "காலேஜுக்குமா டியூஷன்?" என்று கேட்பவர்களும் உண்டு. தேவை இருக்கத்தான் செய்கிறது. பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளை, முதல் ஆண்டை மனப்பாடத்தில் ஓட்டிவிட்டு, மின்னியலும் காந்தவியலும் வரும்போது திணறுவது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை.

என் மகளுக்காக நாங்கள் பார்த்த வழிகள் நான்கு. டியூஷன் சென்டர், ஆன்லைன் வகுப்பு, ஓய்வுபெற்ற பேராசிரியர், எம்.எஸ்சி. முடித்து, கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வான நெட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். நாலாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். இயற்பியல் சொல்லித்தர வராது. ஆனால் நோட்டைப் பார்த்தால் கணக்கு எங்கே தடம் மாறியது என்று ஓரளவு பிடிபடும். இந்த முடிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

சென்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரிப் பிள்ளைகள் என்றால் அங்கே பெரும்பாலும் பி.இ. முதல் ஆண்டில் இன்ஜினியரிங் பிசிக்ஸில் அரியர் வைத்தவர்கள். பழைய வினாத்தாள்களை அடுக்கி, யூனிட் வாரியாக முக்கியக் கேள்விகளைக் குறித்துக்கொடுத்து, விடைகளைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள். பாஸ் மார்க் வாங்கினால் போதும் என்று நிற்கிற பிள்ளைக்கு இது நல்ல வழி, செலவும் குறைவு. என் அக்கா மகன் அப்படித்தான் அரியரை முடித்தான். எம்.எஸ்சி. போக வேண்டும், அதற்கான நுழைவுத் தேர்வுகளான ஜாம் அல்லது கியூட் எழுத வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு இது போதாது. அந்தத் தேர்வுகளில் டெரிவேஷனை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். ஜாமில் விடையாக ஓர் எண்ணை மட்டும் கேட்கும் கேள்விகள் இருக்கின்றன. கணக்கைப் போடத் தெரியாவிட்டால் அங்கே ஊகத்துக்கு இடமே கிடையாது.

ஆன்லைனில் ஒரு மாதிரி வகுப்பு மட்டும் பார்த்தோம். சொல்லிக்கொடுத்தவர் நல்ல கெட்டிக்காரர். ஆங்கிலம் வேகமாக ஓடியது. ஸ்டைலஸ் பேனாவால் திரையில் அழகாக எழுதினார், வகுப்பைப் பதிவுசெய்து திரும்பப் பார்த்துக்கொள்ளவும் முடிந்தது. ஒரு செமஸ்டர் முழுக்க அப்படிப் படித்தால் எப்படி இருக்கும் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நவம்பர், டிசம்பரில்தான் இங்கே மழை. செமஸ்டர் தேர்வும் அதை ஒட்டித்தான் வருகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, அதன் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, கரண்ட் இல்லாமல் போனை சார்ஜ் போட இடம் தேடி அலைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இலவச வீடியோக்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் யூடியூபில் கிடைக்கின்றன. அப்படி ஒருவர் வாயால் இயற்பியல் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் அவை அடித்தளம் உறுதியான பிள்ளைகளுக்கு. என் மகளை உட்காரவைத்தேன், பாதியில் எழுந்துவிட்டாள். இன்னும் ஒரு வருடம் கழித்து அவளே திரும்பிப் போவாள் என்று நம்புகிறேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டு பேருக்கும் நடுவில்தான்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் திருப்பாப்புலியூரில் இருக்கிறார். ஆயுள் முழுக்க அரசுக் கல்லூரிகளில் பாடம் எடுத்தவர். காசு அவருக்குப் பெரிதே இல்லை. படிக்க ஆசையுள்ள பிள்ளை வந்தால் போதும். முதல் நாள் நானும் உடன் போயிருந்தேன். லென்சைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தால் தெரியும் ஒளி வளையங்களை, அதாவது நியூட்டன் வளையங்களை எடுத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து ஒரு லென்சையும் கண்ணாடித் தகட்டையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினார். லென்சும் தகடும் தொடும் இடத்தில் காற்றுப் படலத்தின் தடிமன் பூஜ்யம். அப்படியானால் அங்கே வெளிச்சம்தானே வர வேண்டும், ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டார். அவள் விழித்தாள். காற்றிலிருந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிருக்கு மட்டும் அரை அலைநீளத்துக்குச் சமமான கட்ட மாற்றம் வருகிறது, மேல் பரப்பில் கண்ணாடிக்குள்ளிருந்து திரும்பும் கதிருக்கு அது இல்லை, அதனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன என்று அவர் விளக்கியதைக் கேட்டு எனக்கே மனம் நிறைந்துவிட்டது. பாடத்தின் மேல் பிரியம் வர வேண்டுமென்றால் அப்படி ஒருவர் எதிரில் பத்து நாள் உட்கார்ந்தாலே போதும்.

ஆனால் அந்த வகுப்புகளில் பேனா எப்போதும் அவர் கையிலேயே இருந்தது. அறுபது பேர் உட்கார்ந்திருந்த வகுப்பறையில் வந்த பழக்கம், அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர் போடுவார், இவள் பார்த்து எழுதிக்கொள்வாள். வீட்டுக்கு வந்து, "சூப்பரா புரிஞ்சுதும்மா" என்பாள். ராத்திரி அதே மாதிரி இன்னொரு கணக்கை எடுத்துக் கொடுத்தால் முதல் வரிக்கு மேல் நகர மாட்டாள். புரிந்தது என்று அவள் சொன்னது பொய்யில்லை. அவர் போட்டது புரிந்தது. தானாகப் போட வரவில்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்த பெண் அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்குத் தயாராகிறாள். சனிக்கிழமை பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கே வருவாள். வார நாளில் என் மகள் கணக்கைப் போட்டு, பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்; அந்தப் பெண் சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்புவாள். மணிக்கு 400 ரூபாய் கொடுக்கிறோம், வாட்ஸ்அப்பில் திருத்துவதற்கும் சேர்த்து. விளக்கிச் சொல்வதில் பேராசிரியருக்குப் பக்கத்தில்கூட வர மாட்டாள். அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அவள் நோட்டைப் படிக்கிறாள். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மின்னூட்டத்திலிருந்து மின்புலத்தைக் கண்டுபிடிக்க உதவும் காஸ் விதியில் ஒரு கணக்கு. ஒரு கோளம் முழுக்க மின்னூட்டம் பரவியிருக்கிறது, ஆனால் சீராக இல்லை. மையத்திலிருந்து விலக விலக அடர்த்தி தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. உள்ளே ஒரு புள்ளியில் மின்புலம் எவ்வளவு? என் மகள் அந்த இடத்தின் அடர்த்தியை எடுத்து, மையத்திலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள கோளத்தின் கன அளவால் பெருக்கினாள். விடையில் தூரத்தின் இருமடி சரியாக வந்தது, எப்சைலன் நாட் என்ற மாறிலி சரியாக வந்தது, கீழே 4 இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் 3 வந்தது. பார்க்கிறவர்களுக்கு அது சின்னப் பிழை. சென்டரில் என்றால் 3-ஐ அடித்து 4 என்று போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள். கல்லூரித் தேர்வில் அதற்கு ஓரளவு மதிப்பெண்ணும் விழும்.

அந்தப் பெண் 3-ஐத் திருத்தவே இல்லை. இது எப்படி வந்தது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறையிலிருந்த எனக்கே அந்த மௌனம் பொறுக்கவில்லை. மெதுவாக இவள் வாயிலிருந்து வந்தது: அடர்த்தி இருக்கிறது, கன அளவு இருக்கிறது, பெருக்கினால் மின்னூட்டம். அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும்போது மொத்தமாகப் பெருக்க முடியாது என்பதே இவள் மனதில் பதியவில்லை. முதல் ஆண்டு அலைடு மேத்ஸில் நல்ல மார்க் வாங்கியவள்தான். இன்டக்ரேஷன் சூத்திரங்கள் எல்லாம் அத்துப்படி. அவை எதற்கு என்பது மட்டும் தெரியவில்லை. அந்தப் பெண் கோளத்தை வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரித்து, ஒவ்வொரு தோலுக்கும் அதனதன் அடர்த்தியைப் போட்டுக் கூட்டச் சொன்னாள். 4 தானாக வந்து நின்றது.

அதோடும் விடவில்லை. அதே கணக்கை நீண்ட உருளைக்குப் போடச் சொன்னாள். அடர்த்தி மாறும் விதமும் அதேதான். போட்டுப் பார்த்தால் இந்த முறை கீழே வந்தது 3. கோளத்தில் எந்த எண் தப்போ அதே எண் உருளையில் சரி. உருளையின் தோலின் பரப்பு தூரத்தைப் பொறுத்துக் கூடுகிறது, கோளத்தின் தோலுடையது தூரத்தின் இருமடியைப் பொறுத்துக் கூடுகிறது. ஒரு படி வித்தியாசம் அப்படியே விடையில் வந்து உட்கார்கிறது. என் மகள் என்னைக் கூப்பிட்டு அதை விளக்கிக் காட்டினாள். அதுவரை அவள் எனக்கு ஒரு கணக்கை விளக்கியதே இல்லை.

பிறகு அந்தப் பெண் போன வருட நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். வெப்ப இயக்கவியலில், வெப்பநிலை மாறாமல் வாயு விரியும்போது செய்யும் வேலையைக் கேட்ட இடத்தில், அழுத்தத்தைக் கன அளவின் மாற்றத்தால் நேரே பெருக்கியிருந்தாள் இவள். அங்கே அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது, மடக்கை வர வேண்டிய இடம். நிலைமத் திருப்புத்திறனிலும் இதே கதை. மூன்று பாடம், மூன்று ஆசிரியர், மூன்று தேர்வு. ஓட்டை ஒன்றே ஒன்றுதான். பிள்ளை எழுதியதை எழுதியபடியே ஒருவர் உட்கார்ந்து படித்தால் ஒழிய இது வெளியே வராது. மற்ற வழிகளில் இதற்கு இடமில்லை என்று சொல்லவில்லை. அந்தப் பேராசிரியரே நோட்டைக் கேட்டிருந்தால் இன்னும் நன்றாகக் கண்டுபிடித்திருப்பார். ஆன்லைனிலும் அப்படித் திருத்துகிறவர்கள் இருக்கலாம். ஆளைவிட இந்த ஒரு பழக்கத்தைப் பார்த்துத் தேடுங்கள் என்பேன்.

இதில் குறைகளும் உண்டு. நெட் தேர்வு பெரும்பாலும் ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை. டிசம்பர் தேர்வுக்கு அவள் முட்டி மோதிப் படிக்கும் நேரம்தான் என் மகளின் செமஸ்டர் தேர்வும். அந்த வாரங்களில் பாதி வகுப்புதான் நடந்தது, திருத்தமும் தாமதமானது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் மாதம் 37,000 ரூபாயோடு ஏதாவது ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவாள். போகத்தான் வேண்டும், அவளுக்காக நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருடத்துக்கும் ஒரே ஆள் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. எலக்ட்ரானிக்ஸ் தனக்குக் கொஞ்சம் தள்ளித்தான் என்று அவளே சொல்லிவிட்டாள். பிராக்டிகலுக்கு இந்த நாலு வழியுமே உதவாது. ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சமன்செய்வதும் பிளவைச் சோடியம் விளக்குக்கு நேரே வைப்பதும் கல்லூரி லேபில் கை பட்டுத்தான் வரும்.

ஆள் தேடுவதைப் பொறுத்தவரை, புதுச்சேரிக்காரர்கள் பாக்கியசாலிகள். காலாப்பட்டில் பல்கலைக்கழகம், லாஸ்பேட்டையில் காஞ்சி மாமுனிவர் முதுநிலை மையமும் தாகூர் கலைக் கல்லூரியும் இருக்கின்றன, எம்.எஸ்சி. முடித்தவர்கள் ஊருக்குள்ளேயே கிடைப்பார்கள். கடலூரிலிருந்து காலாப்பட்டுக்கு ரயிலே கிடையாது, ரயிலில் புதுச்சேரி போவதென்றால்கூட விழுப்புரம் சுற்றித்தான். பஸ்ஸில் புதுச்சேரி போய் இன்னொரு பஸ் மாற வேண்டும், பெண் பிள்ளையை வாரா வாரம் அனுப்ப முடியாது. அதனால் அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் என்று பஸ் பாதையிலேயே யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் இருப்பார்கள். எங்களுக்கு வழி காட்டியது என் மகளின் சீனியர் ஒருத்திதான், விளம்பரம் இல்லை.

மாதிரி வகுப்புக்கு வருகிறவரிடம், "பாடம் எடுக்க வேண்டாம், பிள்ளை ஒரு கணக்குப் போடட்டும், நீங்கள் பாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சிலர் இரண்டாவது வரியிலேயே பேனாவைப் பிடுங்கிவிடுவார்கள். தப்பான வரியைப் பார்த்தும் அடுத்த வரி வரட்டும் என்று காத்திருப்பவர் கிடைத்தால், கட்டணத்தில் ஐம்பது நூறு கூடினாலும் யோசிக்காதீர்கள்.

மூன்றாம் ஆண்டில் குவாண்டம் மெக்கானிக்ஸ் வருகிறது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிடும் என்றே நினைக்கிறேன். போன வாரம் திருப்பாப்புலியூருக்குப் போய்ப் பேராசிரியரைப் பார்த்தேன். "சார், அவ போட்டுக் கொண்டு வருவா, நீங்க திருத்தித் தாங்க, மிச்ச நேரம் நீங்க பேசுங்க, அவ கேட்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஜூன் மாதம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்; போன வருட நோட்டுகளையும் எடுத்துவரச் சொன்னார்.