இரண்டடிக் கடல்நீர்த் தொட்டியில் யாரைக் குடிவைப்பது?

வாடகை அறையில் தங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு யாருக்கு என்பதை முதலில் குடிவந்தவர்தான் முடிவு செய்வார். சின்னக் கடல்நீர்த் தொட்டியும் அப்படித்தான். இரண்டடித் தொட்டியில் மணலும் பாறையும் போக மிஞ்சுவது ஐம்பது லிட்டர் சொச்சம் தண்ணீர். அதில் மூன்று மீன், மிஞ்சினால் நான்கு. முதலில் எதை விடுகிறீர்கள் என்பதே, அப்புறம் எதையெல்லாம் விட முடியாது என்பதையும் முடிவு செய்துவிடும்.

நம் சிங்கப்பூரில் செராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் மீன்கடைகளைச் சுற்றினால், புதியவர் கண்ணில் படக்கூடியவை நான்கு: டேம்சல், கோமாளி மீன், உளுவை மீனும் பிஸ்டல் இறாலும் சேர்ந்த ஜோடி, பங்காய் கார்டினல். நான்கையும் வெவ்வேறு காலத்தில் வளர்த்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் இனித் தொடமாட்டேன்.

அது டேம்சல். விலை மலிவு, நிறம் கண்ணைப் பறிக்கும், எளிதில் சாகாது. என் முதல் தொட்டிக்கு ஒரு கடைக்காரர் சொன்ன யோசனை: "தண்ணி பழகுறதுக்கு மூணு டேம்சல் போடுங்க, அப்புறம் எடுத்துடலாம்." அந்த 'எடுத்துடலாம்' என்ற சொல்லில்தான் வினையே இருந்தது. மூன்றில் ஒன்று மற்ற இரண்டையும் விரட்டியே கொன்றது. பிறகு வந்த எந்த மீனையும் பாறைக்குப் பக்கத்தில் அண்டவிடவில்லை. வலையைக் கண்டால் பொந்துக்குள் புகுந்துகொள்ளும். ஒரு சனிக்கிழமை பாறை முழுவதையும் வாளிக்கு மாற்றித்தான் அதைப் பிடிக்க முடிந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வைத்த டோமினோ டேம்சல் குட்டியாக இருக்கும்போது கொள்ளை அழகு, ஆனால் 14 செ.மீ. வரை வளரும். டேம்சல்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், மஞ்சள் வால் நீல டேம்சல் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியாக.

தண்ணீரைப் பழக்க மீனே தேவையில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. இந்தப் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவற்றுக்குத் தீனியாக ஈரச்சந்தையில் வாங்கிய ஒரு பச்சை இறால் போதும், அது அழுகி அம்மோனியா தரும். "குழம்புக்கு வாங்கினதை ஏம்ப்பா கண்ணாடிப் பெட்டியில போட்டு நாற வைக்கிறே?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் மரியாதையான பதில் இருக்கவில்லை.

கோமாளி மீனும் டேம்சல் குடும்பம்தான், பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். கோபமும் கொஞ்சம் உண்டு. ஆனால் பிள்ளைகள் 'நீமோ' என்று பெயர் சொல்லிக் கேட்கும் அந்த ஆரஞ்சு நிற ஒசெல்லாரிஸ் வகை, பங்காளிகளைவிடச் சாது. நம் தென்தீவுகளின் பவளப்பாறைகளிலும் வாழ்கிறது (அங்கிருந்து பிடித்து வரலாம் என்று கனவு காண வேண்டாம், சிஸ்டர்ஸ் தீவுகள் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா). கடையில் வாங்கும்போது தொட்டியிலேயே பிறந்து வளர்ந்ததா என்று கேளுங்கள். அப்படிப்பட்டது முதல் நாளே குருணைத் தீனியைத் தின்னும், பயணத்தில் சோர்வதும் குறைவு.

ஜோடி சேர்ப்பது எளிது. இவை எல்லாமே ஆணாகத்தான் பிறக்கின்றன. கூட்டத்தில் பெரியதும் அதிகாரம் மிக்கதும் பெண்ணாகிவிடும். பெண்ணானது திரும்ப ஆணாகாது. எனவே ஒன்று சற்றுப் பெரியதாக, ஒன்று சின்னதாக, இரண்டுமே இளசாக வாங்கினால் தாமாகவே பேசி முடித்துக்கொள்ளும். வளர்ந்த பெண்கள் இரண்டை ஒன்றாக விட்டால் ரத்தக்களரிதான். கடையில் 'கோமாளி' என்று எழுதியிருப்பதெல்லாம் சாது அல்ல என்பதையும் கவனியுங்கள். தக்காளிக் கோமாளியும் மெரூன் கோமாளியும் சின்னத் தொட்டியில் டேம்சலுக்குச் சளைத்தவை இல்லை. இன்னொன்று, கடல் சாமந்தி (இயற்கையில் கோமாளி மீன் ஒண்டி வாழும், பூப்போல் விரிந்த உயிரினம்) இல்லாமலே கோமாளி மீன் நன்றாக வாழும். சாமந்திக்கு வலுவான வெளிச்சமும் முதிர்ந்த தொட்டியும் வேண்டும். பிடிக்காத இடத்தில் வைத்தால் ஊர்ந்துபோய் பம்பில் சிக்கிச் செத்து, மொத்தத் தண்ணீரையும் கெடுத்துவிடும். என் வீட்டு ஜோடி சாமந்தி இல்லாமல் பம்புக்குப் பின்னால் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது.

வேடிக்கை என்று பார்த்தால் உளுவைக்கும் இறாலுக்கும்தான் முதல் பரிசு. மஞ்சள் உளுவை காவலுக்கு நிற்கும், பிஸ்டல் இறால் மண்ணள்ளும். இறாலுக்குப் பார்வை மங்கல், அதனால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை உளுவையின் மேல் வைத்திருக்கும். ஆபத்து என்றால் உளுவை வாலை ஆட்டும், இரண்டும் வளைக்குள் போய்விடும். இதை மணிக்கணக்கில் பார்க்கலாம். இரவில் இறால் சொடுக்குகிற சத்தம் மட்டும் கண்ணாடி விரிசல் விட்டதுபோல் கேட்கும். நான் இரண்டு முறை படுக்கையிலிருந்து எழுந்து ஓடியிருக்கிறேன்.

ஆனால் நம் ஊர் வெயிலில் இந்த ஜோடி கோமாளியைவிடக் கொஞ்சம் கூடுதல் வேலை வாங்கும். வீவக அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் பகலில் தொட்டித் தண்ணீர் எளிதாக 30 டிகிரியைத் தாண்டும். 25, 26 இருந்தால் நல்லது. குளிரூட்டிக்கு ஆகும் காசையும் இரைச்சலையும் பார்த்துப் பலரும் மின்விசிறி வைக்கிறோம். இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்டாவிட்டால் 1.025 என்று வைத்த உப்படர்த்தி ஏறிக்கொண்டே போகும். ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தால், கோமாளி தாங்கியிருக்கும். இறால் தாங்குவது சந்தேகம். ஊற்றுகிற தண்ணீரையும் குழாயிலிருந்து அப்படியே பிடிக்கக்கூடாது. இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் கலந்திருக்கிறது. குளோரின் மாதிரி ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போய்விடாது, அதற்கான மருந்தைச் சேர்க்க வேண்டும்.

உளுவை துள்ளும் மீன் வேறு. கண்ணாடி மூடி போட்டால் சூடு அடங்காது, வலை மூடிதான் சரி. பாறைகளை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடிக் கண்ணாடியில் உட்காரவைத்துவிட்டு மணலைக் கொட்டுங்கள், இல்லாவிட்டால் இறால் தோண்டித் தோண்டிச் சரித்துவிடும். மீனுக்குச் சீக்கு வந்தால் செம்பு கலந்த மருந்தை அந்தத் தொட்டியில் ஊற்றவும் முடியாது. இறாலுக்கு அது விஷம்.

பங்காய் கார்டினல் பற்றிச் சுருக்கமாக. இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைச் சேர்ந்த மீன். கோடு போட்ட வெள்ளி உடம்போடு அசையாமல் மிதக்கும். ஆண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும், அதுவரை பட்டினி. சாதுவான மீன்தான், ஆனால் இயற்கையில் அருகிவருகிறது. ஆகவே தொட்டியில் பிறந்தது கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். சின்ன வயதில் ஆண் பெண் கண்டுபிடிப்பது கடினம். இரண்டும் ஆணாகிப்போனால் இரண்டடித் தொட்டியில் ஒன்றுதான் மிஞ்சும். எனக்கு அப்படித்தான் ஆனது.

சரி, எதை வாங்குவது? ஒரே ஒரு ஜோடிதான் என்றால் ஒசெல்லாரிஸ், யோசிக்கவே வேண்டாம். பொறுமை இருந்தால் முதலில் உளுவையை மட்டும் விடுங்கள். தினமும் தண்ணீர் ஊற்றுவது பல் துலக்குவது மாதிரிப் பழக்கமானபின், இரண்டு மூன்று மாதம் கழித்து இறால். எங்கே விட்டாலும் பெரும்பாலும் இரண்டும் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்துவிடும். கோமாளி ஜோடி கடைசியில். கீழ்த்தளம் ஏற்கெனவே போய்விட்டதால் அவை மேலே ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும், சண்டைக்கு வேலை குறைவு.

கடையில் மனம் சபலப்படும் இடங்கள் இரண்டு. மாண்டரின் மீன் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர்களைப் பொறுக்கித் தின்பது, சின்னத் தொட்டியில் அழகாகப் பட்டினி கிடந்து சாகும். நீல டாங் ஓர் அடி வரை வளரும். என் அக்கா மகன் இன்னும் அந்த நீல மீனைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். பள்ளி விடுமுறைக்கு செந்தோசா மீன்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று பேசி முடித்திருக்கிறோம்.