நிலுவை

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. தபால் ஆபீஸில் அவர் பேரில் இருந்த சேமிப்பு, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான வயலின் பட்டா, இரண்டையும் அம்மா பேருக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் நினைப்பேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று லீவு கரைந்துவிடும். 2025 செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போதே தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்: இந்தத் தடவை மூன்று வாரம், ஆபீஸ் வேலை மட்டும்தான்.

போய் இறங்கியது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அரசு அலுவலகத்தைப் பார்க்க வருடத்திலேயே நல்ல நாள் அது, வேலைதான் நடக்காது. மேசைகளைத் துடைத்து, பீரோவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஜீப்பில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். "மேடம், இனி மூணாந் தேதிதான்" என்று சொல்லி என் கையில் ஒரு பொரிகடலைப் பொட்டலத்தைக் கொடுத்தார் ஒருவர். மறுநாள் பூஜை, அதற்கடுத்த நாள் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒன்றாக வந்திருந்தன. பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் தேதி முதலில் தபால் ஆபீஸ். வாசலில் 'சிறப்பு இயக்கம் 5.0' என்று பேனர். மத்திய அரசு அலுவலகங்களில் 2021-லிருந்து ஒவ்வொரு அக்டோபரும் 2 முதல் 31 வரை நடக்கிற வேலை இது. இடத்தைச் சுத்தம் செய்வது, தேங்கிக் கிடக்கிற மனுக்களை முடிப்பது, காலாவதியான கோப்புகளைக் கழிப்பது, உடைசல்களை விற்பது என எல்லாம் சேர்த்து. கணக்கும் சொல்கிறார்கள்: பழைய சாமான் விற்றதில் மட்டும் 2021 முதல் 2024 வரை 2,300 கோடி ரூபாய்க்கு மேல் வந்ததாம். அம்மாவிடம் சொன்னேன். "அவ்வளவு குப்பையையா சேத்து வெச்சிருந்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நான் போகும்போது கொஞ்சம் கிண்டலாகத்தான் போனேன், ஒப்புக்கொள்கிறேன். விளக்குமாறும் கையுமாகப் படம் எடுத்துக்கொள்கிற அதிகாரிகளை நிறையப் பார்த்தாயிற்று. ஆனால் அந்த ஆபீஸில் கவுன்ட்டருக்குப் பக்கத்து மூலை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கால் உடைந்த நாற்காலி, சாக்கு மூட்டை, அப்புறம் முதுகு பெருத்த பழைய கணினித் திரைகள், மேலே ஒட்டடை. அந்த மூலை காலியாக இருந்தது. சுவரில் சாமான் உரசின தடம் மட்டும் மிச்சம். அங்கே ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். பென்ஷன் வாங்க வந்த ஒரு தாத்தா அதில் காலை நீட்டி உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வேலையும் நடந்தது. கணக்கில் அம்மா நாமினி என்பதால் இறப்புச் சான்று, பாஸ்புத்தகம், ஆதார் நகல், படிவம், இரண்டு சாட்சிக் கையெழுத்து இவ்வளவுதான். இரண்டாவது தடவை போனபோது பணம் அம்மா கணக்குக்கு மாறியிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல நிறைய இருப்பது வயல் பட்டா.

யூ.டி.ஆர். என்றால் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும், பெருமூச்சும் வரும். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்கப் பட்டாக்களைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் அது. அந்தச் சமயத்தில் எங்கள் வயலில் பக்கத்து வயல்காரர் பேரும் சேர்ந்து கூட்டுப் பட்டாவாகிவிட்டது. அப்பா தொண்ணூறுகளில் அலையோ அலை என்று அலைந்து, பேரை நீக்கி உத்தரவும் வாங்கிவிட்டார். அந்த உத்தரவு கணினிச் சிட்டாவில் ஏறவே இல்லை. அவர் வைத்திருந்த நகலை ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது. பக்கத்து வயல்காரர் நல்லவர்தான், "எம் பேரு எனக்கு எதுக்கு" என்கிறார். கணினிக்கு அது கேட்காதே.

ஆகவே உத்தரவின் நகல் வேண்டும். அம்மா முதலில் ஜமாபந்திக்குப் போகலாம் என்று நினைத்தாள். வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டான பசலி ஜூன் 30-இல் முடிவதால், அதற்கு முன் மே, ஜூனில் ஓர் அதிகாரி தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார், மனுவும் வாங்குவார். நிலுவையைத் தீர்க்க வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிற ஏற்பாடு. மூட்டுவலியால் 2025 ஜமாபந்தியைத் தவறவிட்டு, ஆகஸ்டில் ஊருக்கு வந்த முகாம் ஒன்றில் மனு கொடுத்திருக்கிறாள். பதிலும் சொன்ன கெடுவுக்குள் வந்துவிட்டது: "கோரப்பட்ட கோப்பு பதிவறையில் காணப்படவில்லை. எனவே தங்கள் மனு முடித்துவைக்கப்படுகிறது."

இந்த வரியை நான் பலமுறை படித்தேன். கோப்பு காணவில்லை, அதனால் மனு முடிந்தது. எங்கள் பிரச்சினை அப்படியே இருக்கிறது. அவர்கள் கணக்கில் நிலுவை ஒன்று குறைந்துவிட்டது. மாதக் கடைசியில் 'பெறப்பட்டது, முடிக்கப்பட்டது, நிலுவை' என்று மேலே போகும் அறிக்கையில் அம்மாவும் ஒரு சாதனை.

தாலுகா ஆபீஸில் இரண்டு நாள் ஒவ்வொரு மேசையாக அனுப்பினார்கள். நடுவில் ஒருவர், "சிங்கப்பூரா மேடம்?" என்று அக்கறையாக விசாரித்தார். நான் பதில் சொல்லவில்லை. பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. வாசலில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, தூய்மை வாசகம் எழுதி, அதன் மேல் பூட்டு. சாவி ஆபீஸ் அசிஸ்டன்ட்டிடம், அவர் கலெக்டர் ஆபீஸுக்குத் தபால் கொண்டுபோயிருக்கிறார். அம்மா எதிரே இருந்த டீக்கடைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அவருக்கு அது பழக்கம்தானாம்.

மூன்றாவது நாள் ஒரு வயதான கிளார்க் தணிந்த குரலில், "பதிவறைல புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்க, அவங்களை நேரா போய்ப் பாருங்க" என்றார்.

பதிவறை கட்டடத்தின் பின்பக்கம். உள்ளே ரசகற்பூர உருண்டை வாசம். தரையிலிருந்து உத்தரம் வரை இரும்பு ராக்குகள், அவற்றில் துணியில் கட்டிய மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையிலும் ஓர் அட்டை தொங்கியது: கிராமம், பசலி, கோப்பு எண். எல்லாம் ஒரே கையெழுத்து. ஜூனில் மாறுதலில் வந்த அந்த அம்மா, நாலு மாதமாக மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் பத்து மூட்டை பிரித்து அடுக்கியிருக்கிறார். எந்த இயக்கமும் இல்லை, பேனரும் இல்லை. "நான் வந்தப்ப எல்லாம் மழைத் தண்ணில ஊறிப்போய்க் குமிஞ்சு கிடந்துச்சுக்கா. குமிஞ்சு கிடந்தா, காணலைன்னுதான் எழுதிக் குடுப்பாங்க" என்றார்.

அவர்தான் விளக்கினார். ஒவ்வொரு கோப்பும் முடியும்போது அதற்கு ஓர் ஆயுள் எழுதிவிடுவார்களாம். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். மதராஸ் மாகாண காலத்தில் ஆபீஸ் கோப்புகளைப் பராமரிக்க வைத்திருந்த டாட்டன்ஹாம் முறையிலிருந்து வந்தது இது. "கழிக்கிறதுக்கு முன்னாடி இந்த ரெண்டெழுத்தைப் பாக்கணும். அவசரத்துல வாரிப் போட்டா ஒரு குடும்பத்தோட நிலமே போயிடும்." அப்பாவின் கோப்பு நி.மு.வாகத்தான் இருக்க வேண்டும், அப்படியானால் இங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்றார். ஸ்டூல் போட்டு ஏறினார். கால் மணி நேரம். நாடாவை அவிழ்த்தபோது பழுப்புத் தூசி என் மூக்கில் ஏறியது.

உள்ளே பச்சை மசியில் ஓர் உத்தரவு. அதன் கீழே மனு, அப்பாவின் கையெழுத்தில். 'ஐயா, நான் மேற்படி கிராமத்தில்' என்று தொடங்கி முழுப் பக்கம். அப்போது அவருக்கு என் வயதுகூட இல்லை. அம்மா அந்தத் தாளைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நகல் விண்ணப்பம், கட்டணம், இரண்டு நாள் எல்லாம் முறைப்படி நடந்தது. கடைசி நாள் நகலை வாங்கப் போனபோது அந்த அம்மாவிடம் கழிப்பறைச் சாவி பற்றிக் கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்தார். "அது எங்கன்னு யாருக்கும் தெரியாதுக்கா. இது ஸ்டாஃபோடது. அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க." திரும்பி வந்த அம்மா ரகசியம்போலச் சொன்னாள், "உள்ள சோப்புகூட இருக்குடி."

உத்தரவைக் கணினியில் ஏற்றவும், வாரிசுச் சான்றை வைத்துப் பட்டாவை அம்மா பேருக்கு மாற்றவும் இ-சேவையில் விண்ணப்பித்துவிட்டு விமானம் ஏறினேன். இங்கே உட்கார்ந்து வாரம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். 'நிலுவையில் உள்ளது' என்று இருந்தது. அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன்.

"முடிச்சு வெச்சுடலையே?" என்றாள்.

இல்லை என்றேன்.

"அப்பச் சரி."