"எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள்

பழைய பிக்கப்பை மின்சார வண்டியாக மாற்ற நினைப்பவர்கள் அடாப்டர் பிளேட்டுக்கு (மோட்டாரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் தகடு) பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டிவிட்டேன்.

வண்டி 1998 செவர்லே எஸ்-10, 2.2 லிட்டர் என்ஜின், ஐந்து கியர். என்ஜினைக் கழற்றி விற்றாகிவிட்டது. 9 அங்குல டிசி மோட்டார் கைக்கு வந்துவிட்டது. மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கப் பிளேட்டும், கிளட்ச் உட்காரும் ஃப்ளைவீல் சக்கரத்தை மோட்டார் ஷாஃப்ட்டில் பொருத்தும் ஹப்பும்தான் பாக்கி. விற்பவர் போனில் கேட்டது இரண்டே விஷயம்: வண்டி என்ன, எந்த வருஷம். "ஐந்து கியர் மேனுவலா? இருக்கிறது, அனுப்பிவிடுகிறேன்" என்றார். முழுப் பணமும் முன்கூட்டியே போய்விட்டது.

எந்த என்ஜின் என்று அவர் கேட்காதபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். எஸ்-10 ஐந்து கியர் என்றால் ஒரே கியர்பாக்ஸ் இல்லை. டி5 வந்திருக்கிறது, என்வி1500 வந்திருக்கிறது, என்வி3500 வந்திருக்கிறது. கியர்பாக்ஸ் முகத்தின் போல்ட் துளைகள் அது மாட்டும் என்ஜினின் பின்முகத்துக்கு ஏற்பத்தான் இருக்கும். 4.3 லிட்டர் வி6-இன் பின்முகத்தில் இருப்பது செவர்லே வி8-இன் போல்ட் அமைப்பு. 2.2-இல் இருப்பது ஜிஎம்-இன் 60 டிகிரி அமைப்பு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்கு வந்தது வி6 பிளேட்.

திருப்பி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அதே பிளேட் வந்தது! பழைய துளைகள் அப்படியே இருக்க, அவற்றுக்கு நடுவே புதிதாகத் துளை போட்டிருந்தார்கள், சல்லடை மாதிரி. போல்ட்டுகள் நுழைந்தன. இரண்டு டவல் பின்களும் (இடம் பிசகாமல் நிறுத்தும் முளைகள்) நுழையவில்லை, அரை மில்லிமீட்டர் போல விலகி நின்றன. போன் செய்தேன். "டிரில் வைத்துக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள் சார், போல்ட்டை இறுக்கினால் எல்லாம் உட்கார்ந்துவிடும்" என்றார்.

உட்காராது. போல்ட்டின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும்தான், மையம் காட்டுவது டவல் பின். மோட்டார் ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டும் ஒரே கோட்டில் நிற்பது அந்த இரண்டு பின்களை நம்பித்தான். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அவசரத்தில் டிரில்லை எடுத்தேன். அந்தப் பகுதிக்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

மாட்டும்போது இன்னொன்று. கியர்பாக்ஸ் கையாலேயே வழுக்கிக்கொண்டு போய்ப் பிளேட்டோடு ஒட்ட வேண்டும். என்னுடையது கடைசி நான்கு மில்லிமீட்டரில் நின்றுவிட்டது. போல்ட்டைச் சுற்றிச் சுற்றி இழுத்து மூடினேன். ஹப்பில் ஃப்ளைவீல் துளைகளை மட்டும் மாற்றிவிட்டு, நீளத்தை வி6-க்கு இருந்தபடியே விட்டிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. என்ஜின் பின்முகத்திலிருந்து ஃப்ளைவீல் முகம் எவ்வளவு தள்ளி இருந்ததோ, பிளேட்டின் முகத்திலிருந்தும் அதே தூரம்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்புட் ஷாஃப்ட்டின் நுனி போய் மோட்டாரையே முட்டும். என் வண்டியில் முட்டியது.

முதல் நாள் ஓட்டத்திலேயே வேகம் கூடக் கூட ஓர் ஊளைச் சத்தம். டிசி மோட்டாருக்கு இது சகஜம் போல என்று ஒரு வாரம் ஓட்டினேன். பிறகு கிளட்ச்சை மிதித்தாலும் அது விடுபடவே இல்லை. இறக்கிப் பார்த்தால், இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் தூளாகக் கொட்டியது. நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜை மோட்டார் பக்கம் பொருத்தி, பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸின் முன்னால் கிளட்ச்சை மூடும் கூடு) மையத் துளையைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினேன். முள் 0.6 மில்லிமீட்டர் ஆடியது. வழக்கமாக ஒத்துக்கொள்ளும் அளவு 0.005 அங்குலம், அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பிளேட்டில் நீங்கள் டிரில் போட்டிருக்கிறீர்கள், அதனால் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று பதில் வந்தது. போடச் சொன்னதே அவர்தான். சொன்னதோ போனில், என்னிடம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. அதன் பிறகு போனையே எடுப்பதில்லை. இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. தப்பான பிளேட் யார் கடையிலும் வரலாம். என் கையாலேயே அதைக் கெடுக்க வைத்துவிட்டு, அதையே காரணமாகக் காட்டியது வேறு கணக்கு.

இப்போது ஒரு லேத் பட்டறைக்காரர் புதிதாகச் செய்கிறார். போனவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ஜின் எங்கே? ஃப்ளைவீல் தூரத்தை அளக்க வேண்டும்." விற்றுவிட்டேன் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் அதே 2.2 என்ஜின் உள்ள உடைந்த வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, கியர்பாக்ஸை இறக்கி அளந்துகொண்டு வந்தோம். டவல் துளைகளின் இடத்தை என் பெல் ஹவுசிங்கிலிருந்தே எடுத்துப் போடுகிறார்.

அந்த விற்பனைப் பக்கத்தை நேற்றும் பார்த்தேன். அதே பிளேட்டின் படம், அதே வரி: "எஸ்-10 ஐந்து கியர், எல்லா மாடலுக்கும் பொருந்தும்."