கேஜைக் காட்டி கேஸ் விற்கிறார்கள்: ஓசூர் பக்கம் நைட்ரஸ் நிரப்புகிறவர்கள் கவனத்துக்கு

டிசம்பர், ஜனவரியில் டிராக் ஓட்டப் போகும் நம்ம பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நைட்ரஸ் (இன்ஜினுக்குக் கூடுதல் இழுப்பு தரும் நைட்ரஸ் ஆக்ஸைடு) நிரப்பித் தருகிறவர் பாட்டிலின் அழுத்தம் காட்டும் கேஜைக் காட்டி "ஃபுல்" என்று சொன்னால் நம்பாதீர்கள். தராசில் வைக்கச் சொல்லுங்கள். தராசு இல்லை என்றால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். என்னிடம் நாலரை கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு பாதிகூட நிரப்பவில்லை. கூடவே "ஆட்டோமேட்டிக்" என்று சொல்லி, பாட்டிலைச் சூடாக்கும் ஒரு ஹீட்டரையும் தலையில் கட்டினார்கள். அந்த ஹீட்டர் இன்னும் மோசம், அதற்குப் பிறகு வருகிறேன். புகார் நடப்பில் இருப்பதால் கடையின் பெயரையும் இடத்தையும் எழுதவில்லை.

என்னுடையது பழைய ஹோண்டா சிட்டி கார். நைட்ரஸோடு கூடுதல் பெட்ரோலையும் சேர்த்து விடும் வெட் கிட், சின்ன ஷாட்தான் (கூட்டும் பவர் குறைவு). பாட்டில் 10 பவுண்டு, அதாவது நாலரை கிலோ கேஸ் பிடிக்கும். பெங்களூரு பக்கம் ஒரு ஏர்ஸ்ட்ரிப்பில் ஞாயிறு காலை ஓட வேண்டியிருந்தது. அதற்கு முன்பு நிரப்பிக்கொள்ளலாம் என்று ஓசூரில் விசாரித்தபோது இந்தக் கடையைச் சொன்னார்கள். நிரப்பும் இடத்துக்குள் என்னை விடவில்லை. "உள்ளே சேஃப்டி பிரச்சினைண்ணா, ஒரு டீ சாப்பிட்டு வாங்க" என்றார் கடைக்காரர். திரும்பி வந்தபோது பாட்டில் மேசை மேல் இருந்தது. கேஜில் முள் சரியாக 950 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தின் அளவு). எடை போடலாமே என்று கேட்டேன். தராசு ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். "கேஜ் பொய் சொல்லுமாண்ணா?" என்று சிரித்தார்.

கேஜ் பொய் சொல்லவில்லை. ஆனால் பாட்டிலைத் தூக்கும்போது அடிப்பகுதி வெதுவெதுப்பாக இருந்தது, லேபிளின் ஓரம் ஈரமாக ஊறியிருந்தது. வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்திருக்கிறார்கள். நிரப்பும்போது பாட்டில் சூடாகும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வந்தது. உண்மையில் பாட்டிலைக் குளிர வைத்தால்தான் கேஸ் ஒழுங்காக உள்ளே இறங்கும். நிரப்பி முடித்த பாட்டில் சில்லென்று இருந்தால் அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அடியில் திரவம், அதற்கு மேல் ஆவி. கேஜ் காட்டுவது அந்த ஆவியின் அழுத்தத்தை. அது வெப்பநிலையைப் பொறுத்தது, அளவைப் பொறுத்தது அல்ல. 15 டிகிரியில் ஏறக்குறைய 650 பிஎஸ்ஐ, 20 டிகிரியில் 735, 30 டிகிரிக்கு வந்தால் 900ஐத் தாண்டிவிடும். உள்ளே கொஞ்சமாவது திரவம் மிச்சமிருக்கும் வரை, இருப்பது இரண்டு கிலோவானாலும் நாலு கிலோவானாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். வீட்டு சமையல் சிலிண்டர் தீரப்போகும் வரை அதே மாதிரி எரிவதில்லையா, அந்தக் கணக்குதான். அதனால்தான் சிலிண்டர் போட வருகிறவரிடம் எடை போடச் சொல்கிறோம்.

நம் ஊர்க் குளிர் இந்த வியாபாரத்துக்கு நல்ல துணை. தருமபுரியில் அவ்வளவு தெரியாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஜனவரி விடியற்காலையில் 15 டிகிரிக்குப் பக்கத்தில் போவது சாதாரணம். வெளியே வைத்த பாட்டில் தானாகவே 650க்கு இறங்கிவிடும். புகார் சொல்லப் போனால் "குளிர்ல எல்லா பாட்டிலும் இறங்கத்தான்ணா செய்யும்" என்று பதில் தயாராக இருக்கும். அது பாதி உண்மை, அதனால்தான் எடுபடுகிறது. குளிர் அழுத்தத்தைக் குறைக்கும், எடையைக் குறைக்காது.

சரி, அழுத்தம் குறைந்தால் என்ன? பெரும்பாலும் 900 முதல் 950 பிஎஸ்ஐ வரைக்கும் கணக்குப் போட்டுத்தான் ஜெட் (நைட்ரஸும் பெட்ரோலும் வரும் சின்னத் துளை) தேர்ந்தெடுக்கிறோம். நைட்ரஸ் பாட்டில் அழுத்தத்தில் வருகிறது, பெட்ரோல் பம்ப் அழுத்தத்தில் வருகிறது. பாட்டில் 650இல் இருந்தால் நைட்ரஸ் குறையும், பெட்ரோல் குறையாது. ரிச்சாகி (பெட்ரோல் மிகையாகி), கறுப்புப் புகை விட்டு, வண்டி திணறும். நேரம் போகும், அவ்வளவுதான். மறுபக்கம்தான் ஆபத்து. அழுத்தம் அதிகமானால் நைட்ரஸ் கூடும், பெட்ரோல் அதே அளவில் நிற்கும், லீனாகி (பெட்ரோல் பற்றாமல்) பிஸ்டனில் ஓட்டை விழும். ஹீட்டரும் பிரஷர் ஸ்விட்சும் வேண்டியிருப்பது இதற்காகத்தான். ஸ்விட்ச் 950 பக்கம் வந்ததும் ஹீட்டரை நிறுத்தும், இறங்கினால் மறுபடி போடும்.

அன்று காலை ஏர்ஸ்ட்ரிப்பில் பனி. கேஜ் 650க்குக் கொஞ்சம் மேலே. ஹீட்டரைப் போட்டேன், முள் மெதுவாக ஏறி 950க்கு வந்தது. வரிசையில் நின்று, தொடக்கக் கோட்டுக்கு வந்து ஓடினேன். கிளம்பியதும் நல்ல இழுப்பு. பாதி தூரம் போவதற்குள் யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரி வண்டியின் வேகம் விழுந்தது, கண்ணாடியில் கறுப்புப் புகை. திரவம் தீர்ந்து, சொலினாய்டு (நைட்ரஸைத் திறந்து விடும் மின் வால்வு) வழியாக வெறும் ஆவி போயிருக்கிறது. 402 மீட்டரில் சில நொடிதான் நைட்ரஸ் பிடிக்கிறோம். நிறைந்த பாட்டில் பல ரன்னுக்கு வர வேண்டும், இது முதல் ரன்னிலேயே மூச்சை விட்டுவிட்டது.

பிட்டுக்குத் திரும்பி, பானெட்டைத் திறந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கிப் பக்கம் நின்ற தம்பி, "அண்ணா, முள்ளு நிக்கவே மாட்டேங்குது" என்றான். போய்ப் பார்த்தால் 1,100ஐத் தாண்டிக்கொண்டிருக்கிறது. ஹீட்டர் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. வயரைப் பிடுங்கி, பாட்டிலை நிழலில் இறக்கி வைத்துவிட்டு அன்றைக்கு மூட்டை கட்டினோம். இதில் ஒரு கொடுமையான அதிர்ஷ்டம்: பாட்டில் அரைகுறையாக இருந்ததால்தான் முள் மெதுவாக ஏறியது. 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் திரவமாகவே இருக்காது. நிறைந்த பாட்டில் அந்த எல்லையைத் தாண்டினால் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். கடைசிக் காவல் வால்வில் இருக்கும் சேஃப்டி டிஸ்க்தான். அது உடைவது 3,000 பிஎஸ்ஐ சுற்றி. காருக்குள் உட்கார்ந்திருக்கும்போது உடைந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பியதும் ஹீட்டரைப் பிரித்தேன். பிரஷர் ஸ்விட்ச் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பித்தளை உடம்பு, 950 என்று ஸ்டிக்கர் வேறு. அதிலிருந்து இரண்டு வயர் வந்து கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவுக்குள் (வயரை மூடும் பிளாஸ்டிக் உறை) போகிறது. ஸ்லீவை பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். ஸ்விட்சின் இரண்டு வயரும் நுனி வெட்டப்பட்டு எதிலும் சேராமல் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே ரிலேவுக்கு (ஹீட்டருக்கு மின்சாரம் விடும் மின் ஸ்விட்ச்) போகும் இரண்டு வயரை ஒன்றோடொன்று முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். ஈயம்கூட வைக்கவில்லை. அதாவது ஸ்விட்ச் வெறும் அலங்காரம், ஹீட்டர் எப்போதும் ஆன். வேலை செய்யாத ஸ்விட்சைத் தெரியாமல் விற்றிருந்தால் மன்னிக்கலாம். இது உட்கார்ந்து செய்த வேலை.

அடுத்து எடை. கேஸ் மிச்சமிருக்கும்போதே பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்து, லேபிளில் போட்டிருக்கும் வெறும் பாட்டில் எடையைக் கழித்துப் பார்த்தேன். ஒரு கிலோகூட மிச்சமில்லை. ஒரே ரன்னில் என் ஜெட் எவ்வளவு குடிக்கும் என்று தெரியும், அதைக் கூட்டினால் கடையில் கிடைத்தது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல்.

வெட்டிய ஸ்லீவையும் தராசுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் குளிர்க் கதை. அப்புறம் "வால்வு லீக்காயிருக்கும்ணா". சோப்பு நுரை போட்டுக் காட்டினேன், ஒரு குமிழி வரவில்லை. ஸ்லீவைக் காட்டியதும் சத்தம் அடங்கியது. "பையன் தெரியாம பண்ணிட்டான், பாதிப் பணம் தர்றேன், விட்டுடுங்க" என்றார். வாங்கவில்லை. பில் என்று எனக்குத் தந்திருந்தது ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. நிரப்புவதற்கான பெசோ (மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) உரிமத்தைக் காட்டச் சொன்னால் "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தாண்ணா" என்கிறார். இல்லை. 2016ஆம் ஆண்டு எரிவாயு உருளை விதிகளின்படி அழுத்த வாயுவை உருளையில் நிரப்ப உரிமம் வேண்டும்.

இனி நிரப்பப் போகிறவர்கள் பாட்டிலைக் கொடுக்கும்போதே கடைக்காரர் கண் முன்னால் எடை போடுங்கள், வாங்கும்போதும் போடுங்கள், இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கையில் ஒரு தொங்கு தராசு இருந்தால் போதும். பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தால் கேஜைப் பார்க்கவே வேண்டாம். இரண்டாம் கை பாட்டில் என்றால் கழுத்தில் பொறித்திருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) தேதியைப் படியுங்கள், ஐந்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. கழுத்தில் தடியாகப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஹீட்டரைக் காரில் மாட்டும் முன்பு வெளியே வைத்து, கேஜைப் பார்த்தபடி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். 950இல் ரிலே "டிக்" என்று விட வேண்டும். விடவில்லை என்றால் அங்கேயே வயரைக் கழற்றிவிடுங்கள். ஹீட்டர் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஹீட்டர் இல்லாதவர்கள் கை பொறுக்கும் வெந்நீரில் ஊறிய துணியைச் சுற்றலாம். ஏர்ஸ்ட்ரிப்பில் ஒருவர் தீ ஊதும் புளோ லேம்ப் கொண்டுவந்து உதவ முன்வந்தார், கும்பிடு போட்டு அனுப்பினேன். நெருப்பு பாட்டில் பக்கமே வரக் கூடாது. அலுமினியத்தின் பலமே போய்விடும். இன்னொன்று, இதெல்லாம் டிராக்கில் மட்டும். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் இரவு ஒரு மணிக்கு ரேஸ் விடுகிற கூட்டத்துக்கு நான் எதுவும் எழுதவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்து புகார் எண் வாங்கிவிட்டேன். அதில் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது. இதே கடையில் நிரப்பி, "குளிர்" என்ற பதிலோடு திரும்பிய இரண்டு பேர் தங்கள் சீட்டையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களிடமும் அப்படி எஸ்டிமேட் சீட்டு இருந்தால் தூக்கி எறிய வேண்டாம், பாட்டிலை எடை போட்டு, அந்த எடையைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.