இலவச ஐவிஎஃப், கூடவே ஜீன் எடிட்டிங்: ஷென்ஜென் 2018 பேக்கேஜ் பத்தி ஒரு ரிவ்யூ

ஒரு ஃபெர்டிலிட்டி சென்டர்ல கோஆர்டினேட்டரா இருக்கேன். பேக்கேஜ் எக்ஸ்பிளைன் பண்றது, கன்சென்ட் ஃபார்ம்ல பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கறது, இதான் டெய்லி பொழப்பு. அதனால சீனாவுல ஹே ஜியான்குய் டீம் ஜீன் எடிட் பண்ணின குழந்தைங்களுக்காக பெத்தவங்க கிட்ட வாங்கின அந்த ஃபார்மை படிச்சப்போ, "மனுஷன் கடவுள் வேலை பார்க்கலாமா"ங்கற பட்டிமன்றத்தை எல்லாம் ஓரமா வெச்சுட்டு, இதை ஒரு சர்வீஸா மட்டும் பார்த்து ரிவ்யூ போட்டா என்னன்னு தோணுச்சு. ரேட்டிங் முதல்லயே சொல்லிடறேன், 5க்கு அரை. அந்த அரையும் ஆஃப்-டார்கெட்ங்கற ரிஸ்க்கை (ஜீனை வெட்டறப்போ தப்பான இடமும் வெட்டுப்படறது) மறைக்காம ஃபார்ம்ல போட்டதுக்காக மட்டும்தான்.

விஷயம் மறந்தவங்களுக்கு: ஹே டாக்டர் கிடையாது, பயோபிசிக்ஸ் ஆளு, அப்போ ஷென்ஜென்ல ஒரு யூனிவர்சிட்டில அசோசியேட் புரொபசரா இருந்தவரு. அப்பாவுக்கு எச்ஐவி இருக்கணும், அம்மாவுக்கு இருக்கக்கூடாது, இப்படிப்பட்ட கப்பிள்ஸா தேடி, அவங்க கருவுல சிசிஆர்5ங்கற ஜீனை கிரிஸ்பர்ங்கற ஜீன் வெட்டற கத்திரி வெச்சு வெட்டினாரு. எச்ஐவி செல்லுக்குள்ள நுழையறதுக்கு அந்த ஜீன் செய்யற புரோட்டீன் ஒரு கதவு மாதிரி, அதை மூடிட்டா குழந்தைக்கு எச்ஐவி வராதுங்கறது ஐடியா. 2018 நவம்பர்ல லுலு, நானான்னு புனைப்பேர் வெச்ச ரெட்டைக் குழந்தைங்க பொறந்துட்டாங்கன்னு யூட்யூப்ல வீடியோ போட்டாரு, உலகமே அலறுச்சு.

இப்ப ஃபார்முக்கு வருவோம். தலைப்புலயே பிராஜெக்ட் பேரு எய்ட்ஸ் வேக்சின் டெவலப்மென்ட்டுன்னு இருக்கு. வேக்சினாம்! ஊசி போட்டா ஒரு ஆளோட போயிடும், இது அந்தக் குழந்தையோட முட்டை வரைக்கும் போய் அதோட பிள்ளைங்களுக்கும் இறங்கக்கூடிய மாத்தம். எங்க சென்டர்ல யாராவது இப்படி ஒரு தலைப்பு போட்டு ஃபார்ம் அடிச்சா எத்திக்ஸ் கமிட்டி டேபிளுக்குப் போறதுக்கு முன்னாடியே எங்க சீனியர் மேடம் கிழிச்சுப் போட்டுருவாங்க.

அடுத்தது ரேட். ஒரு கப்பிளுக்கு 2,80,000 யுவான் வரைக்கும் செலவை டீமே ஏத்துக்கும், அன்னிக்கு ரேட்டுக்கு கிட்டத்தட்ட 28 லட்ச ரூபாய். சூப்பர் ஆஃபர்னு தோணும், ஆனா கேன்சலேஷன் பாலிசியைப் படிங்க. கரு உள்ள வெச்சதுல இருந்து குழந்தை பொறந்து 28 நாள் வரைக்கும் நீங்களா விலகினா டீம் செலவு பண்ணின மொத்தக் காசையும் திருப்பித் தரணும், நோட்டீஸ் வந்து 10 நாளுக்குள்ள தரலேன்னா மேல 1,00,000 யுவான் ஃபைன். ஆராய்ச்சின்னாலே எப்ப வேணா வெளியே வரலாம், யாரும் ஒண்ணும் கேக்கக்கூடாது, இது எங்க வேலைல முதல் நாள் சொல்லித்தர்ற பாடம். வயித்துல புள்ளையை வெச்சுட்டு இருக்கற பொண்ணு கிட்ட "போறதுன்னா 28 லட்சத்தைக் கட்டிட்டு போ"ன்னு எழுதி வெச்சிருக்கறதுக்கு பேரு கன்சென்ட் இல்ல, வட்டிக்கடை பத்திரம். இதுல ஆஃப்-டார்கெட்டால ஏதாவது ஆனா டீம் பொறுப்பில்லன்னு வேற ஒரு லைன், அதாவது கத்திரி தப்பான இடத்துல வெட்டினா அது உங்க தலையெழுத்து. கன்சென்ட் எடுத்த ஆளும் ஹேவேதான், ஆராய்ச்சி பண்றவரே உக்காந்து விளக்கி கையெழுத்தும் வாங்கினா எதிர்ல இருக்கறவங்க "வேணாம் சார்"னு எப்படி சொல்லுவாங்க?

சரி, இவ்வளவு கண்டிஷன் போட்டும் அந்தக் கப்பிள்ஸ் ஏன் போனாங்கன்னு கேட்டா, இங்கதான் எனக்கு உண்மையாவே கோவம் வருது. எச்ஐவி வைரஸ் இருக்கறது பெரும்பாலும் விந்துத் திரவத்துல, விந்தணுல இல்ல. லேப்ல சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, கழுவி, அணுவை மட்டும் தனியா எடுக்கற ஸ்பெர்ம் வாஷிங் 1980கள் கடைசில இத்தாலில ஆரம்பிச்ச டெக்னிக், இன்னிக்கு சாதாரணம். ஹே டீமும் அதைத்தான் பண்ணியிருக்கு! வாஷ் பண்ணி முடிச்ச உடனேயே அப்பா கிட்ட இருந்து தொத்தற பயம் போயிடுச்சு, அதுக்கப்புறம் ஜீனை வெட்டினது எதுக்கு? ஆனா சீனாவுல எச்ஐவி உள்ளவங்களுக்கு ஐவிஎஃப் பண்ண ரூல்ஸ் இடம் குடுக்கல. குழந்தை வேணும்னு தவிக்கறவங்களுக்கு வேற வழியெல்லாம் பூட்டியிருக்கறப்போ ஒருத்தர் மட்டும் தொறந்து வெச்சிருந்தாரு, உள்ள போனாங்க. 8 கப்பிள்ஸ் சேர்ந்து ஒண்ணு பாதில விலகிடுச்சு. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல, ட்ரீட்மென்ட் கிடைக்கறதுக்காக எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடத் தயாரா இருக்கற முகத்தை டெய்லி பார்க்கறேன், "எங்க மேடம் சைன் பண்ணணும், அதை மட்டும் சொல்லுங்க"ன்னு கேப்பாங்க.

டெலிவரி குவாலிட்டி? மோசம். ஐரோப்பாவுல சிலருக்கு இயற்கையாவே அந்த ஜீன்ல 32 டிஎன்ஏ எழுத்து இல்லாம, அந்தக் கதவு வேலை செய்யாம இருக்கும், அதே மாதிரி பண்றதா பிளான். வந்தது வேற. நானாவுக்கு அந்த ஜீனோட ரெண்டு காப்பியும் (அப்பா கிட்ட இருந்து ஒண்ணு, அம்மா கிட்ட இருந்து ஒண்ணு) மாறியிருக்கு, ஆனா ஒண்ணுல 4 எழுத்து போயிருக்கு, இன்னொண்ணுல 1 கூடியிருக்கு. லுலுவுக்கு ஒரு காப்பில 15 எழுத்து போய் இன்னொரு காப்பி அப்படியே இருக்கு, அப்ப அந்தக் குழந்தைக்கு பாதுகாப்பே சந்தேகம். அது தெரிஞ்சும் அந்தக் கருவை உள்ள வெச்சிருக்காங்க. மொசைக் வேற, அதாவது உடம்புல சில செல் ஒரு மாதிரி சில செல் வேற மாதிரி. இது போக சிசிஆர்5 சும்மா உக்காந்திருக்கற ஜீன் இல்ல, அது இல்லாதவங்களுக்கு கொசு பரப்பற வெஸ்ட் நைல் வைரஸ் வந்தா சீரியஸா போற வாய்ப்பு ஜாஸ்தி. நல்லா இருந்த ஜீனை கெடுத்துட்டு அதை ட்ரீட்மென்ட்டுன்னு எப்படி சொல்றது?

"தலசீமியா மாதிரி பரம்பரையா வர்ற நிஜமான ரத்த வியாதிக்கு பண்ணலாமே"ன்னு கமென்ட்ல வந்து கேப்பீங்க, நியாயமான கேள்விதான். அப்பா அம்மா ரெண்டு பேரும் கேரியரா (வியாதி இல்லாம அந்த ஜீனை மட்டும் சுமக்கறவங்களா) இருந்தா ஒவ்வொரு கருவுக்கும் 25 சதவீதம் ரிஸ்க், மத்ததுக்கு வியாதி இல்ல. கருவை பயாப்ஸி பண்ணி டெஸ்ட் பார்த்து நல்லதை வெச்சா முடிஞ்சுது, பிஜிடி-எம்னு இதை இங்கேயே பண்றாங்க, எதையும் வெட்ட வேண்டியதில்ல. எடிட்டிங் இல்லாம முடியவே முடியாதுங்கற கேஸ், ரெண்டு பேருக்குமே தலசீமியா மேஜர், அதாவது முழு வியாதியே இருக்கற மாதிரி ரொம்ப அபூர்வம். அந்தக் கப்பிளுக்காக ஒருநாள் பேசலாம், நான் கதவை அடைக்கச் சொல்லல. பொறந்த ஆளுக்குப் பண்ற எடிட்டிங் வேற கணக்கு, 2023ல பிரிட்டன்ல அனுமதி கிடைச்ச கேஸ்கெவிங்கற ட்ரீட்மென்ட் ரத்தம் உருவாக்கற ஸ்டெம் செல்லை வெளிய எடுத்து எடிட் பண்ணி திரும்ப ஏத்தறது, அந்த பேஷன்ட்டோட முடிஞ்சுது, வம்சத்துக்குப் போகாது. அதுக்கு அந்த ஆளே கையெழுத்து போடலாம், வேணாம்னும் சொல்லலாம்.

கருவுல பண்றதுல அந்த ஆள் இன்னும் இல்லவே இல்லையே. ஃபார்ம்ல அப்பா கையெழுத்து, அம்மா கையெழுத்து, டீம் கையெழுத்து. லுலுவுக்கும் நானாவுக்கும் 18 வயசு வரைக்கும் ஃபாலோ-அப் பண்றதா பிளான், அப்புறம் அவங்க கிட்டயே சம்மதம் கேப்பாங்களாம். வேணாம்னு சொன்னா எதை வாபஸ் வாங்கறது? அதோட பொறந்த அன்னிக்கு எடுக்கற குழந்தை போட்டோவை யூஸ் பண்ற உரிமையும் டீமுக்குன்னு ஒரு ஷரத்து இருக்கு, அதைப் படிச்சுட்டு ஃபோனை வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

கஸ்டமர் கேர் நிலவரம்: 2019 டிசம்பர்ல ஹேக்கு 3 வருஷ ஜெயில், 30 லட்சம் யுவான் ஃபைன். 2022ல வெளிய வந்துட்டாரு. மூணாவதா ஒரு குழந்தையும் பொறந்திருக்குன்னு அந்த கேஸ்லயே தெரிய வந்துச்சு.

நம்ம ஊர்ல ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 கைடுலைன்ஸ் எடிட் பண்ணின கருவை கர்ப்பப்பைல வைக்க விடாது, லேப்ல ஆராய்ச்சிக்கும் கருவை 14 நாள் வரைக்கும்தான் வளக்கலாம். ஆனா அமெரிக்காவுல இப்ப சில ஸ்டார்ட்-அப் காசோட இறங்கியிருக்கு, நாளைக்கே யாராவது வழவழ பிரவுச்சரோட வந்தாலும் வருவாங்க. வந்தா மூணு கேளுங்க: பிஜிடி பண்ணினா போதாதா, பாதில விலகினா எவ்வளவு கட்டணும், குழந்தைக்கு பின்னாடி ஏதாவது ஆனா எந்தப் பக்கத்துல யாரு பொறுப்புன்னு எழுதியிருக்கு. மூணாவதுக்கு பக்கம் நம்பர் காட்ட முடியலேன்னா பேனாவை மூடி பையில போட்டுட்டு கெளம்புங்க.