திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் விண்டோஸ் டிஃபெண்டர்

மேன்ஷன்களுக்கு நடுவே ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓடுகிற கடை எங்களுடையது. டிஎன்பிஎஸ்சி ஹால்டிக்கெட் வருகிற சமயத்தில் பென்டிரைவ் மாறி மாறி ஏறிக்கொண்டே இருக்கும். எந்தெந்த காலேஜ் லேபில் குத்தி எடுத்ததோ, யாருக்குத் தெரியும்? ஃபோல்டரையெல்லாம் ஷார்ட்கட்டாக்கிவிடும் அந்தப் பழைய வைரஸ் இன்னும் சாகவில்லை. விண்டோஸோடு இலவசமாகவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதைப் பெரும்பாலும் பென்டிரைவைத் திறக்கும்போதே பிடித்துவிடுகிறது. பிடிப்பதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. இன்றைக்கு எல்லா ஆன்டிவைரஸும் ஓரளவு பிடிக்கும்.

நான் பார்ப்பது வேறு. அந்த ஆன்டிவைரஸிலேயே ஓட்டை வந்தால் எவ்வளவு சீக்கிரம் அடைக்கிறார்கள்?

வருஷ ஒப்பந்தத்தில் எங்கள் சிஸ்டங்களைப் பார்த்துக்கொள்ளும் ஏஎம்சி தம்பியிடம் இதைச் சொன்னால், "என்னக்கா, போலீஸ் ஸ்டேஷன்லயே திருட்டா?" என்று சிரிப்பார். நடந்திருக்கிறது. வருகிற ஃபைல் ஒவ்வொன்றையும் ஆன்டிவைரஸ் உள்ளே புகுந்து பார்த்தாக வேண்டும். ஜிப்பா, பிடிஎஃப்பா, ஸ்கிரிப்டா, எதுவானாலும் பிரிக்க வேண்டும். அதுவும் விண்டோஸில் உச்ச அதிகாரத்தோடு இருந்துகொண்டு. பிரிக்கிற அந்த இடத்தில் ஒரு தப்பு இருந்தால் போதும், ஃபைலை யாரும் கிளிக் செய்யவே வேண்டாம். அது மெயிலில் வந்து டிஸ்க்கில் இறங்கியதும் ஸ்கேன் தானாக நடக்கும், கதை முடிந்தது.

2017 மே மாதம் டிஃபெண்டரில் ஃபைலைப் பிரித்துப் பார்க்கிற பகுதியான இன்ஜினிலேயே இப்படி ஒன்று மாட்டியது. ஓட்டைகளைத் தேடிப் பிடிக்கிற கூகுளின் ப்ராஜெக்ட் ஸீரோ குழுவைச் சேர்ந்த டேவிஸ் ஆர்மண்டியும் நடாலி சில்வனோவிச்சும் கண்டுபிடித்தார்கள். சந்தேகமான ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கிற பகுதியில்தான் ஓட்டை. புகார் போன சில நாட்களுக்குள், மே 8ஆம் தேதியே, 1.1.13704.0 என்ற புது இன்ஜின் வந்துவிட்டது. நான் மார்க் போடுவது இந்த வேகத்துக்குத்தான். அதற்கு முந்தைய வருஷம் இதே ஆர்மண்டி காசு கொடுத்து வாங்கும் நார்ட்டன், சிமாண்டெக் ஆன்டிவைரஸ்கள் பக்கமும் பெரிய ஓட்டைகளை எடுத்துப் போட்டார். வெளியிலிருந்து எடுத்துப் போட்ட ஓப்பன் சோர்ஸ் கோடை ஏழு வருஷத்துக்கு மேல் அப்டேட் செய்யாமலே வைத்திருந்தார்கள் என்று அப்போது தெரியவந்தது. காசு கொடுத்தால் கவலையில்லை என்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

அதற்காக டிஃபெண்டரைத் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டேன். 2021 ஜனவரியில் அடைத்த ஓட்டையை, பேட்ச் (அடைக்கிற அப்டேட்) வருவதற்கு முன்பே யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. அடுத்த மாதம் அடைத்த இன்னொன்று ஏறக்குறைய பன்னிரண்டு வருஷமாக உள்ளேயே இருந்தது.

எனக்குப் பிடிக்காத விஷயம், இன்ஜின் நம்பரைப் பார்க்க ஊர் சுற்ற வேண்டியிருப்பது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, கீழே செட்டிங்ஸ், அதில் அபவுட். அங்கேதான் 'இன்ஜின் வெர்ஷன்' இருக்கும். பச்சை டிக்கைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இன்ஜின் பொதுவாக மாதம் ஒருமுறை மாறும், வைரஸ் பட்டியல் ஒரு நாளிலேயே பலமுறை மாறும். இரண்டும் வேறு. இன்னொன்று, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிற கடைக்காரர்கள் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டேட்டா மிச்சமாகும், அப்டேட்டும் நின்றுபோகலாம்.

ஃபுல் ஸ்கேன் பழைய ஐ3 சிஸ்டத்துக்கு ஆகாது. கடை ஷட்டர் போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து டப்பாவில் வாங்கும் ஆன்டிவைரஸ்தான் வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். நம்ம சென்னையிலேயே கே7 1991இலிருந்து இருக்கிறது, புனேயில் குவிக் ஹீல் இருக்கிறது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை பேசும்போது எத்தனை வைரஸ் பிடிக்கும் என்று கேட்காமல், புரோகிராம் அப்டேட் தானாக வருமா, சந்தா முடிந்த மறுநாள் என்ன ஆகும் என்று கேளுங்கள். சந்தா முடிந்தும் சிஸ்டத்திலேயே கிடக்கிற ஆன்டிவைரஸைப் போல ஆபத்து இல்லை. பழைய இன்ஜின் அதே உச்ச அதிகாரத்தோடு ஃபைலைப் பிரித்துக்கொண்டிருக்கும், அடைக்க ஆள் இருக்காது. புதுப்பிக்கப் போவதில்லை என்றால் அன்றைக்கே அன்இன்ஸ்டால் செய்யுங்கள், டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு, விண்டோஸ் 11 சிஸ்டங்களுக்கு மட்டும். விண்டோஸ் 10க்கு சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. டிஃபெண்டருக்கான அப்டேட்டை 2028 அக்டோபர் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் விண்டோஸிலேயே வரும் ஓட்டையை அது அடைக்காது. எங்களிடம் அப்படி ஒரு சிஸ்டம் பில் போட மட்டும் இருக்கிறது. அதில் நெட் இல்லை, பென்டிரைவும் யாருக்கும் குத்தித் தருவதில்லை. "அக்கா, ஒரே ஒரு பிரிண்ட்" என்று எவ்வளவு கெஞ்சினாலும் பக்கத்து சிஸ்டத்தில்தான்.